குளிரில் ஓட கனத்த ஜாக்கெட் வேண்டாம்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவரின் வேலை காரணமாக ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். தினமும் காலை ஆறரைக்கு ஓட்டமும் நடையுமாக வெளியே போவேன். மாமியாரும் பஞ்சாபி (சல்வார் கமீஸ்) உடுத்திக்கொண்டு நடக்க வருவார். டிராக்சூட்டுக்கு மேல் கனமான ஜாக்கெட் போட்டால் கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, வீடு திரும்பும்போது உடம்பே நடுங்குகிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. கடையில் தெர்மல், ஃப்ளீஸ், கம்ப்ரஷன் என்று ஏதேதோ தொங்குகிறது. எதை வாங்குவது? பேசாமல் செப்டம்பர் வரை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. தென்னாப்பிரிக்காவின் மேட்டுநிலமான இந்த ஹைவெல்டில் குளிர்காலம் ஓடுவதற்கு நல்ல காலம். மழை இல்லை, புழுக்கம் இல்லை. உடுப்பை மட்டும் மாற்றினால் போதும்.

டர்பனில் ஜூலை மாதத்திலும் விடியற்காலை வெப்பம் பெரும்பாலும் 11, 12 டிகிரியோடு நின்றுவிடும். ஜோகன்னஸ்பர்க் இருப்பது 1,700 மீட்டருக்கும் மேலே. குளிர்காலத்தில் வானம் மேகமில்லாமல் கிடப்பதால், பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் விட்டுவிடுகிறது. விடியலில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கி, சில நாட்களில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். அதே நாள் மதியம் 17, 18 டிகிரி! இப்படி ஏறி இறங்கும் ஊரில் ஒரே ஒரு கனமான உடுப்பை நம்ப முடியாது. மெல்லியதாக இரண்டு மூன்று போட்டுக்கொண்டு, சூடு ஏற ஏறக் கழற்ற வேண்டும்.

உங்களை நடுங்க வைப்பதில் பெரிய பங்கு வியர்வைக்குத்தான். பருத்தி வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஓடும்வரை தெரியாது, ஓட்டம் நின்றதும் முதுகோடு ஒட்டிய ஈரத் துணி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் செலவு செய்வதானால், தோலை ஒட்டிய முதல் துணிக்கு முதலில் செய்யுங்கள்.

கடையில் விளம்பர அட்டையைப் பார்க்காதீர்கள். சட்டையின் உள்பக்கம், இடுப்புத் தையலில் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு இருக்கும், அதைப் படியுங்கள். காட்டன் பாதிக்கு மேல் இருந்தால் திருப்பி மாட்டிவிடுங்கள். பாலியஸ்டர் நல்லது, ஓட்டப் பந்தயங்களில் கொடுக்கும் டி-ஷர்ட், வீட்டில் கிடக்கும் கால்பந்துச் சட்டை எல்லாம் பெரும்பாலும் அதுதான். வாங்குவதற்கு முன்னால் அலமாரியைத் துழாவிப் பாருங்கள். கையில் பணம் இருந்தால் மெரினோ கம்பளி இன்னும் மேல். நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், வாடையும் சீக்கிரம் வராது. 1789-லிருந்தே கேப் பகுதியில் வளர்க்கப்படும் செம்மறி ஆட்டின் கம்பளி அது, நம் தென்னாப்பிரிக்கச் சரக்கு. அங்கோரா ஆட்டு ரோமமான மொஹேரில் செய்த சாக்ஸும் அப்படித்தான்; உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி இங்கிருந்து போகிறது. ஆனால் கனமான சாக்ஸைப் போட்டு டாக்கிக்குள் (ஓட்டக் காலணிக்குள்) காலைத் திணிக்காதீர்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும்.

முதல் துணிக்கு மேல், பஞ்சு போன்ற மெல்லிய ஃப்ளீஸ் சட்டை, கழுத்தில் ஜிப் வைத்தது. அந்த ஜிப்பை ஏற்றி இறக்கித்தான் சூட்டைக் கட்டுப்படுத்தப் போகிறீர்கள். காற்றடிக்கும் நாளுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும்படியான மெல்லிய விண்ட்பிரேக்கர் ஒன்று. வாங்கும்போது துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாகப் போனால் காற்றும் போகும். துளியும் போகாமல் பிளாஸ்டிக் போல இருந்தால் உள்ளே வியர்வை தேங்கும். லேசாக, சிரமப்பட்டுப் போக வேண்டும்.

தெர்மல் என்று தொங்குவதில் பாதி, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான பருத்தி கலந்த உள்ளாடை. கம்ப்ரஷன் என்றால் இறுக்கம். சூடு என்று அர்த்தமில்லை. காலுக்கு உட்புறம் பஞ்சு போல இருக்கும் டைட்ஸ் ஒன்று போதும்.

விரல் மரப்பதற்குக் காரணம் உண்டு. குளிரில் உடம்பு முதலில் நடுப்பகுதியைக் காக்கும், கைகால் நுனிக்கு ரத்தத்தைக் குறைத்துவிடும். மெல்லிய கையுறை, காதை மூடும் பீனி தொப்பி, கழுத்தில் குழாய் போல மாட்டும் ஒரு பஃப், இந்த மூன்றும் பையில் இருக்கட்டும். உலர்ந்த குளிர்காற்று ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். பஃப்பை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டால் மூச்சு கொஞ்சம் இதமாக உள்ளே போகும். கையுறை போட்டும் விரல்கள் வெளுத்து வலித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வாசலைத் தாண்டும்போது சற்றுக் குளிர வேண்டும். வெளியே இருப்பதைவிட எட்டு, பத்து டிகிரி அதிகம் என்று நினைத்து உடுத்துவது ஓட்டக்காரர்களின் கணக்கு. 1921-ல் தொடங்கிய, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பும் ஆண்டுகளில், விடியல் குளிரில் பழைய ஜெர்சியும் குப்பைப் பையும் போர்த்தி நிற்பவர்கள் உடம்பு சூடேறியதும் வழியில் கழற்றிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் மாமியாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லாதீர்கள். மெதுவாக நடப்பவருக்கு உடம்பில் சூடு பிறப்பது குறைவு, வயது ஏற ஏறக் குளிர் உறைப்பதும் தாமதமாகும். போதாததற்குக் குளிரில் ரத்த அழுத்தமும் ஏறும். பஞ்சாபிக்குள் டைட்ஸ், மேலே ஒரு ஜெர்சி, காதோடு சேர்த்து பீனி. துப்பட்டாவைத் தொங்கவிடாமல் ஜெர்சிக்குள் செருகிக்கொள்ளட்டும். முக்கியமாக, அவரை ஆறரைக்குக் கூட்டிப்போக வேண்டாம். வெயில் ஏறி, ஒன்பது மணிக்கு மேல் போகட்டும். இரண்டு தடவை நடக்க நேர்ந்தாலும் பரவாயில்லை, அவரோடு சும்மா பேசிக்கொண்டு போகலாமே.

ஜூன், ஜூலையில் இங்கே சூரியன் எழவே ஏழு மணி ஆகப் பார்க்கும். அதனால் ஆறரைக்குப் போகும் உங்களுக்குக் கறுப்பு உடுப்பு வேண்டாம். வெளிர்நிறமாக, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்ததாக எடுங்கள். துணையில்லாமல் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் டீ போடுவதற்கு முன்பே ஈர உடுப்பை, உள்ளாடை உட்பட, மாற்றிவிடுங்கள். துவைக்கும்போது ஸ்டா-சாஃப்ட் மாதிரி துணியை மிருதுவாக்கும் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம். இழையில் படிந்து, வியர்வை வெளியேறுவதைக் கெடுத்துவிடும். அந்தக் கனமான ஜாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சாயங்காலம் கடைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.