மாலத்தீவுப் பாலத்துக்கு இரும்பு வேலை: இரண்டரை லட்சம் கட்டலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்தில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன், பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். வழக்கமான ஆர்டர் குறைந்துவிட்டது. காட்பாடியில் ஒருவர், "இந்தியா மாலத்தீவுக்குக் கொடுக்கிற கடனில் 75 சதவீதப் பொருளை இங்கிருந்துதான் வாங்க வேண்டும், எக்ஸிம் வங்கியில் (இந்தக் கடனைக் கொடுக்கிற அரசு ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) உங்களை சப்ளையராகப் பதிவு செய்து, கைப்பிடிக் கம்பி, பிராக்கெட் ஆர்டர் வாங்கித் தருகிறேன்" என்று இரண்டரை லட்சம் கேட்கிறார். கட்டலாமா? மாலே போய்வர வேண்டியிருக்குமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அவர் கொடுத்த கடிதம் என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அசோகச் சின்னம், கீழே ஜிமெயில் முகவரி, பணம் கட்டச் சொல்வது ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கில். "திரும்பத் தரப்படாத பதிவுக் கட்டணம்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் உண்மை இருக்கிறது, பணம் திரும்ப வராது.

அவர் சொன்ன 75 சதவீதம் பொய் இல்லை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. மாலேவிலிருந்து வில்லிங்கிலி, குல்ஹிஃபல்ஹு, திலஃபுஷி தீவுகளை இணைக்கிற 6.74 கிலோமீட்டர் பாலத்துக்கு இந்தியா 40 கோடி டாலர் கடனும் 10 கோடி டாலர் மானியமும் தருவதாக 2020 ஆகஸ்டில் அறிவித்தது. 2025 ஜூலையில் பிரதமர் அங்கே போனபோது மாலத்தீவுக்கு இன்னும் 4,850 கோடி ரூபாய் கடன் தனியாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பணம் மூட்டையாக மாலேவுக்குப் போவதில்லை. மாலத்தீவு அரசு இந்திய ஒப்பந்தக்காரர் ஒருவருடன் கையெழுத்துப் போடும், அவர் வேலை செய்து பில் போடுவார், அந்த அரசு பில்லைப் பாஸ் செய்ததும் எக்ஸிம் வங்கி இங்கேயே அவருக்குப் பணம் கொடுத்துவிடும். மாலத்தீவு அதை எக்ஸிம் வங்கிக்குப் பல வருடங்களில் திருப்பிக் கட்டும்.

75 சதவீதம் என்பது அந்தப் பெரிய ஒப்பந்தத்தின் மதிப்பில் பார்க்கிற கணக்கு. எஞ்சினியர், மெஷின், டிசைன், இரும்பு எல்லாம் அதில் சேரும். வேலூருக்கு இவ்வளவு, சிறுதொழிலுக்கு இவ்வளவு என்று கோட்டா எதுவும் அதில் கிடையாது. எக்ஸிம் வங்கி தகுதி பார்ப்பதும் அந்த முதன்மை ஒப்பந்தக்காரரைத்தான், உங்களையும் என்னையும் இல்லை. உங்கள் பொருளை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒப்பந்தக்காரரின் பர்ச்சேஸ் பிரிவு. அங்கே வெண்டராகச் சேரப் பணம் கேட்க மாட்டார்கள். இரும்பின் தரத்துக்கு ஆலை தருகிற மில் டெஸ்ட் சர்ட்டிபிகேட், வெல்டர் தகுதிச் சான்று, பழைய ஆர்டர் நகல், கால்வனைசிங் (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகப் பூச்சு) எங்கே செய்கிறீர்கள் என்பது, இவைதான் கேட்பார்கள். பெரிய பொதுத்துறை ஆலைக்கு வேலை செய்த பழக்கம் இருந்தால் இந்தக் காகிதமெல்லாம் ஏற்கெனவே உங்கள் பீரோவில் இருக்கும்.

கடனை அறிவிக்கிற அன்று கைகுலுக்குகிற படம் எல்லாப் பேப்பரிலும் வருகிறது. துணை வேலைகளை யார் கொடுக்கிறார்கள், யாரைப் போய்ப் பார்ப்பது என்று ஒரு பட்டறைக்காரருக்குத் தமிழில் சொல்ல மட்டும் யாரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள். சிறுதொழில் என்று அரசிடம் பதிவு செய்கிற உத்யம் பதிவு அரசு இணையத்தில் இலவசம், அதற்குக்கூட நம் ஊரில் இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நேராகப் போய் ஆர்டர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் நான் அதிகம் பயப்படுகிற இடம் வருகிறது. "ஏற்றுமதிதானே, 0.1 சதவீத ஜிஎஸ்டியில் பில் போடுங்கள்" என்பார்கள். அப்படி ஒரு சலுகை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் பில் போட்ட தேதியிலிருந்து 90 நாளுக்குள் வாங்கியவர் சரக்கை ஏற்றுமதி செய்தாக வேண்டும், தவறினால் சலுகை போய்விடும், போவது அவருக்கு இல்லை, உங்களுக்கு. பத்து லட்சம் ரூபாய் பில்லுக்கு 18 சதவீதம் என்றால் 1,80,000 வரி, சலுகையில் 1,000தான். சரக்கு அவருடைய யார்டில் தூங்கி 91வது நாள் வந்தால் மீதி 1,79,000-ம் வட்டியும் உங்கள் தலையில். அதோடு சரக்கு உங்கள் பட்டறையிலிருந்து நேராகத் துறைமுகத்துக்கோ பதிவு பெற்ற கிடங்குக்கோ போக வேண்டும். "நம்ம யார்டில் இறக்குங்க, நாங்க அனுப்பிக்கிறோம்" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். வாலாஜா பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவர், தீவு வேலைக்குத்தான், நாலு லோடு இப்படி இறக்கிவிட்டு ஷிப்பிங் பில் (சரக்கு ஏற்றுமதியானதற்குச் சுங்கத்துறைக் காகிதம்) நகலுக்காக எட்டு மாதம் அலைந்தார். போனை எடுத்தவர்கள் ஒவ்வொரு தடவையும் "சார் மீட்டிங்கில் இருக்கார்" என்றார்கள். கடைசியில் மனைவி நகையை வைத்து வரி கட்டினார். அதனால் முழு 18 சதவீதம் போட்டே பில் கொடுங்கள். ஏற்றுமதி செய்பவர் அதை ரீஃபண்ட் கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, அந்த அலைச்சல் அவருடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று, பர்ச்சேஸ் ஆர்டரில் "வெளிநாட்டு அரசிடமிருந்து பணம் வந்த பின் தரப்படும்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். மாலேயில் ஒரு அதிகாரி பில்லைப் பாஸ் செய்கிற வரை ராணிப்பேட்டையில் பதினான்கு பேர் சம்பளம் காத்திருக்க முடியாது. சிறுதொழில் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதற்கு உத்யம் பதிவு சரக்கு அனுப்புவதற்கு முன்பே இருக்க வேண்டும், நிறையப் பேர் தகராறு வந்த பிறகு பதிவு செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள். பணம் இழுத்தவர் மேல் கொடுக்கிற புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதை நம்பி நாள் குறிக்காதீர்கள். அந்தக் கோப்புகள் நகரும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது. முதல் ஆர்டருக்கு 30 சதவீதமாவது அட்வான்ஸ் கேளுங்கள், அட்வான்ஸ் தர மனமில்லாதவர் பில்லுக்கும் எளிதில் பணம் தர மாட்டார்.

மாலத்தீவில் உள்ள தீவு கவுன்சில்களுக்கு (நம் பஞ்சாயத்து மாதிரி) இந்திய மானியத்தில் நடக்கிற சின்னச் சின்ன வேலைகள் வேறு வகை, அவற்றுக்கும் இந்த 75 சதவீதத்துக்கும் சம்பந்தம் இல்லை. காட்பாடிக்காரர் அடுத்து அதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் இதே பதில்தான்.

மாலே போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். விமான டிக்கெட்டுக்கு வைத்திருக்கிற காசில் உங்கள் ஆடிட்டரிடம் பர்ச்சேஸ் ஆர்டரைக் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் சரக்கு துறைமுகம் வரை போய், ஷிப்பிங் பில் நகல் உங்கள் கைக்கு வந்தால் போதும்.