போர்த்துகீசியமா, போலிஷா? இலக்கிய மொழிபெயர்ப்புக்கு ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. போர்த்துகீசிய, போலிஷ் எழுத்துகளைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை. தடுக்காதீர்கள். ஆனால் இரண்டு மொழிகளையும் ஒரே நேரத்தில் தொடங்கவிடாதீர்கள். இரண்டும் அரைகுறையாக நின்றுவிடும்.

சம்பளம் முக்கியமென்றால் முதலில் போர்த்துகீசியம். பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் உட்பட 9 நாடுகளில் அது ஆட்சிமொழி. மொழி தெரிந்தவர்களைத் தேடும் ஐ.டி., வாடிக்கையாளர் சேவை வேலைகளும் உண்டு. போலிஷுக்கு வாய்ப்பும் குறைவு, போட்டியும் குறைவு. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை போடும் கணக்கில் போர்த்துகீசியத்துக்கு 600 முதல் 750 வகுப்பு மணி, போலிஷுக்குச் சுமார் 1100. வாரம் 8 மணி படித்தால் முன்னது ஏறத்தாழ 2 ஆண்டு, பின்னது 3 ஆண்டு. போலிஷில் 7 வேற்றுமைகள். வேற்றுமை நமக்குப் புதிதல்ல. பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப உருபு மாறுவதுதான் திணறடிக்கும்.

பட்டப்படிப்பை விடாமல் மொழியைச் சேர்த்துப் படிப்பதே என் பரிந்துரை. டெல்லி பல்கலைக்கழகத்தில் இரு மொழிகளும் சான்றிதழ், பட்டயம் என்று படிப்படியாக உண்டு. போர்த்துகீசியத்துக்கு கோவா பல்கலைக்கழகமும் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தேர்வுச் சான்று பேசும்: லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் டிப்ளே (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2, அதாவது மேல் இடைநிலை), பிரேசிலின் செல்பே-பிராஸ், போலந்து அரசின் மொழிச் சான்றிதழ். இலக்கியத்தில் கைவைக்க பி2 கூடப் போதாது, அதற்கு அடுத்த நிலையான சி1 வேண்டும்.

பலரும் சறுக்குவது மொழிபெயர்ப்பு உரிமை விஷயத்தில்தான். நாவல் முழுவதையும் மொழிபெயர்த்துவிட்டுப் பதிப்பகம் தேடுவார்கள். அதற்குள் தமிழ் உரிமை வேறொருவருக்குப் போயிருக்கும். முதலில் மூலப் பதிப்பாளரிடமோ முகவரிடமோ உரிமை கேட்க வேண்டும். ஆசிரியர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, ஐரோப்பாவில் 70 ஆண்டு கடந்திருந்தால் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை: 1900இல் மறைந்த போர்த்துகீசிய நாவலாசிரியர் எசா டி கெய்ரோஸ், 1912இல் மறைந்த போலிஷ் நாவலாசிரியர் போலெஸ்வாஃப் புரூஸ் நல்ல தொடக்கம். போர்த்துகீசியக் கவிஞர் ஃபெர்னாண்டோ பெசோவா 1935இல் இறந்தாலும் அவருடைய எழுத்தில் பெரும்பகுதி பின்னால்தான் அச்சேறியது. எந்தப் பதிப்பை மூலமாக வைப்பது என்பதைப் பதிப்பாளரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். ஆங்கிலம் வழியாகச் செய்தால் அந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை தேவை. நேரடியாகச் செய்பவர்கள் தமிழில் மிகக் குறைவு. உங்கள் மகளின் பலமே அங்கேதான்.

நல்கைகள் நிஜமாகவே உண்டு. கிராக்கோவில் உள்ள போலந்து புத்தக நிறுவனம் மொழிபெயர்ப்புச் செலவையும் உரிமைச் செலவையும் வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குத் தருகிறது. போர்ச்சுகலின் கமோயிஸ் நிறுவனமும் பிரேசில் தேசிய நூலகமும் இப்படியே பதிப்பகங்களுக்கு உதவுகின்றன. பணம் பதிப்பகம் வழியாகவே வரும் என்பதால், உரிமையாளரோடும் மொழிபெயர்ப்பாளரோடும் போட்ட ஒப்பந்தங்கள் தயாராக இருக்க வேண்டும். மாதிரி மொழிபெயர்ப்புக்குப் போலந்தில் தனித் திட்டம் இருக்கிறது: 20 பக்கம் வரை, பக்கத்துக்கு இடைவெளி சேர்த்து 1800 எழுத்து. விதிகள் மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள்.

இலக்கிய மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது அம்மா. பகலில் மொழி சார்ந்த வேலை, மாலையில் மாதம் ஒரு சிறுகதை. 3 கதைகள் சிற்றிதழ்களில் வந்தபின் பதிப்பகத்தை அணுகட்டும்: 15 பக்க மாதிரி, ஒரு பக்க நூல் அறிமுகம், உரிமை யாரிடம் இருக்கிறது என்ற விவரம். மூன்றும் ஒரே மின்னஞ்சலில் போக வேண்டும்.