டாக்டர் ஹூவில் இனி பில்லி பைப்பர்தான் டாக்டரா?

கேள்வி: “டாக்டர் ஹூ தொடரின் கடைசி எபிசோடில் டாக்டர் பில்லி பைப்பராக மாறிவிட்டார். இனி அவர்தான் டாக்டரா? 2026 கிறிஸ்மஸ் எபிசோடில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?”

இல்லை என்பதுதான் என் கணக்கு. பில்லி பைப்பர் பத்து நிமிசம் நிற்பார், மிஞ்சினால் அரை மணித்தியாலம். பிறகு பெட்டியின் சாவியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இப்படி அடித்துச் சொல்ல எனக்கு ஒரு தைரியம் இருக்கிறது. இந்தத் தொடரை ஊகிப்பதில் நான் பல வருசமாகத் தோற்றவன். தோற்றுத் தோற்றுப் படித்தது ஒன்றுதான்: அடுத்து என்ன என்பதைக் கதைக்குள் தேடினால் கிடைக்காது. யாருக்குச் சுகமில்லை, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது, காசு யார் போடுகிறார்கள், படப்பிடிப்பு எப்போது நடந்தது, இதைத்தான் பார்க்கவேண்டும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு நாலு வரி. 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள், பி.பி.சி.யில் தொடங்கியது. நீல நிறப் பொலிஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலமெல்லாம் சுற்றுகிற வேற்றுக்கிரக ஆள் ஒருவர். பெயர் கிடையாது, டாக்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சாகப்போகிற நேரம் உடம்பு முழுக்க மாறி வேறு முகம், வேறு குணத்தோடு எழும்புவார். 1989இல் நிறுத்தினார்கள். 2005இல் திரும்ப ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் தெரியவேண்டும்.

இனி என் தோல்வியைச் சொல்கிறேன்.

2008 ஜூன் 28 சனிக்கிழமை. அன்றைய எபிசோடின் கடைசிக் காட்சியில், அப்போது டாக்டராக நடித்த டேவிட் டெனன்டை ஒரு டாலெக் சுட்டுவிட்டது. டாலெக் என்றால் டாக்டரின் பரம எதிரிக் கூட்டம். கையிலும் முகத்திலும் பொன் நிற வெளிச்சம் பொங்குகிறது, மாறத் தொடங்கிவிட்டார், அந்த இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டு விட்டுவிட்டார்கள். லண்டனில் இருக்கிற மாமாவின் மகன்தான் எனக்கு டிவிடி அனுப்பி அனுப்பி இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவன். போன் காட் ஒன்றைச் சுரண்டி அன்றைக்கே கோல் எடுத்தான். மறுநாள் நான் கல்லடியில் ஒரு நெட் கஃபேயில் போய் இருந்து, சுற்றிச் சுற்றி நின்று நின்று ஓடிய அந்த ஒன்றரை நிமிசத் துண்டைப் பார்த்துவிட்டு அவனிடம் தீர்ப்புச் சொன்னேன்.

“மச்சான், ஆள் முடிஞ்சிது.”

“முடியல்லடா. சித்திரை மாசம் குளொஸ்டர்ல கிறிஸ்மஸ் எபிசோட் எடுத்திருக்கானுகள். டெனன்ட் உடுப்போட ரோட்டில நிக்கிற படம் இஞ்ச வந்திரிக்கி. மாறிப்போனவன் எப்பிடிக் கிறிஸ்மசுக்கு வாற?”

“அது பழைய கதையக் காட்டுறதா இரிக்கும்.”

“ரெண்டு முட்டி எருமைத் தயிர். பந்தயமா?”

பந்தயம்தான். அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? டாக்டர் தன்னுடைய காயத்தை ஆற்றுகிற அளவுக்கு மட்டும் அந்தச் சக்தியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தன்னுடைய வெட்டுப்பட்ட கை ஒன்றுக்குள் செலுத்திவிட்டார். முகம் மாறவில்லை. அந்தக் கை 2005 கிறிஸ்மஸ் எபிசோடில் வாள் சண்டையில் துண்டாகி விழுந்தது. பிறகு ஒரு கண்ணாடிச் சாடிக்குள் எத்தனையோ எபிசோடாக எங்கள் கண் முன்னாலேயே மிதந்துகொண்டு இருந்தது. அதை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன்! மச்சானுக்கோ கையைப் பற்றி ஒரு யோசனையும் இல்லை. ரோட்டில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு வென்றுவிட்டான். 2010இல் ஊருக்கு வந்தவன் பெட்டியை இறக்கி வைக்க முதல் தயிரைத்தான் கேட்டான்.

இந்தப் பாடத்தை எனக்குப் பூரணமாகப் புரியவைத்தது அம்மா. அவவுக்கு டாக்டரும் தெரியாது, டாலெக்கும் தெரியாது.

2025 மே 31. கடைசி எபிசோட் வரும்போது இங்கே இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. எப்படிப் பார்த்தேன் என்று கேட்கவேண்டாம். கச்சான் அடிக்கிற காலம், வீட்டுக்குள் இருக்க ஏலாத வெக்கை. நித்திரை வராமல் அம்மா விசிறியோடு வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டா. திரையில் டாக்டராக நடித்த இன்குட்டி கட்வா பெட்டியின் கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கிறார், வெளிச்சம் பொங்குகிறது, அடங்கினால் பில்லி பைப்பர் நின்று சிரிக்கிறார்.

“சிரிச்சு ஆடித் திரிஞ்ச அந்தப் பொடியன் எங்க மனே?”

“அவர்தான் அம்மா இது. மாறிட்டார்.”

“பொம்பிளையாவா?”

“ஓம்.”

அம்மா பிறந்தது பாண்டிருப்பில். அங்கே திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் திருவிழா நடக்கும். பாரதக் கதையை ஊரே நின்று நடத்தும். வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுவார், கடைசியில் தீமிதிப்பு. அந்தப் பழக்கத்தில் அவ ஒரு சொட்டும் அதிரவில்லை.

“அதுக்கென்ன. முந்தி அருச்சுனனா நிண்ட பொடியன் கட்டாருக்குப் போனா, மறுகா இன்னொரு பொடியன் நிக்கிறான்தானே. சனம் கும்பிடாம விட்டதா?” விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டா: “இவன் ஏன் விட்டுட்டுப் போறான்? சம்பளம் காணாதாமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு படுத்துக் கிடந்து யோசித்தால், அறுபது வருசக் கதையும் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

1966ஐ எடுங்கள். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு ஏலாமல் போனது. வசனம் மறந்தது. ஆளை அனுப்பவேண்டும், ஆனால் ஓடுகிற தொடரை மூட மனமில்லை. அதனால்தான் டாக்டர் தரையில் விழுந்து பற்றிக் ட்ரௌட்டனாக எழும்பினார். அப்போது அதற்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை. இன்று ரசிகர் எல்லாரும் சொல்லுகிற ‘ரீஜெனரேஷன்’ என்ற சொல் தொடருக்குள் வர 1974 ஆகிவிட்டது. 1967இல் டாலெக்குகள் அடியோடு அழிந்ததாகக் காட்டினார்கள். காரணம் என்ன? அவற்றை உருவாக்கிய டெரி நேஷன், அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்த் தனித்தொடர் எடுக்கப் பார்த்தார். 1970இல் டாக்டரைப் பூமியிலேயே நாடுகடத்தி வைத்தார்கள். வாராவாரம் புதுக் கிரகம் கட்டுகிற செலவு மிச்சம். ஐம்பதாவது ஆண்டு எபிசோடில், 2005இல் டாக்டராக நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் வரமாட்டேன் என்றார். உடனே யாரும் கேள்விப்படாத ஒரு ‘போர் டாக்டர்’ பிறந்து, அந்தப் பாகத்துக்கு ஜோன் ஹேர்ட் வந்தார். கதைக்குள்ளே எத்தனை துப்பு வைத்திருந்தாலும் இதில் ஒன்றையாவது கண்டுபிடித்திருக்க முடியுமா?

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த உதாரணம் அந்தப் பன்னிரண்டு கணக்கு. 1976இல் ஒரு கதைக்கு வில்லன் சாகப்போகிற நிலையில் தேவைப்பட்டான். அதற்காக, ‘ஒருவர் பன்னிரண்டு தரம்தான் மாறலாம்’ என்று ஒரு விதியைப் போட்டார்கள். அந்த நேரம் டாக்டர் நாலாவது ஆள். பன்னிரண்டாவது மாற்றம் எந்தக் காலத்தில் வரப்போகுது என்று நினைத்திருப்பார்கள்! வந்துவிட்டது. ரசிகர்கள் அந்த ஒரு விதியை வைத்துப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார்கள். 2013 கிறிஸ்மசுக்கு வானத்தில் ஒரு வெடிப்புத் திறந்து, டாக்டருக்குப் புதுச் சுற்று ஒன்று கிடைத்தது. முப்பத்தேழு வருசத்து விதி ஒரு காட்சியில் முடிந்தது. தொடர் ஓடவேண்டும் என்றால் எந்த விதியும் வளையும்.

கதைக்குள் தேடுகிறவர்கள் எப்போதும் தோற்கிறார்கள் என்று சொன்னால் அது பொய். 2024இல் சூசன் ட்ரையட் என்ற பெண் வந்தபோது, எஸ் ட்ரையட் என்ற ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால் டார்டிஸ், அதாவது டாக்டரின் பெட்டியின் பெயர், டாக்டரின் பேத்தியின் பெயரும் சூசன், அப்போ இவதான் அந்தப் பேத்தி என்று எல்லாரும் துள்ளினோம். எழுத்தாளர் ரசல் டி டேவிஸ் அதைத் தெரிந்தே வைத்த பொறி. சூசனின் சூ, அவவின் டெக் கம்பனியின் டெக், சேர்த்தால் சூடெக். 1975இல் வந்த பழைய வில்லன். நன்றாக ஏமாந்தோம். ஆனால் ராணி விசயத்தில் நடந்தது வேறு. ராணி 1985இல் வந்த வில்லி. தொடர் திரும்ப வந்ததில் இருந்து பெயர் தெரியாத பொம்பிளை யார் வந்தாலும் ‘இவதான் ராணி’ என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் கிண்டலடித்தார்கள், நானும் அடித்தேன். 2025 மேயில் பக்கத்து வீட்டு மிஸிஸ் ஃபிளட் வாயைத் திறந்து ‘நான்தான் ராணி’ என்றா. அந்தக் கூட்டம் ஒரு கிழமை தலைகால் புரியாமல் திரிந்தது. நாற்பது வருசம் காத்திருந்து கிடைத்த ராணியை, இரண்டு எபிசோடுக்குள் ஒமேகா என்ற இன்னொரு பழைய வில்லன் விழுங்கிவிட்டது என்பது வேறு கதை.

சரி, பில்லி பைப்பருக்கு வருவோம்.

எபிசோட் முடிந்து ஓடிய பெயர்ப்பட்டியலைத் திரும்பப் பாருங்கள். மாட் ஸ்மித், பீட்டர் கப்பால்டி வந்த நேரங்களில் ‘டாக்டராக அறிமுகம்’ என்று பாகத்தையும் சேர்த்துப் போட்டார்கள். ஜோன் ஹேர்டுக்கும் அப்படியே. இந்த முறை ‘அறிமுகம் பில்லி பைப்பர்’ என்று நின்றுவிட்டது. என்னவாக அறிமுகம் என்று இல்லை. இருபது வருசத்துக்கு முதல் அதே தொடரில் டாக்டரோடு கூடித் திரிந்த ரோஸ் என்ற பெண்ணாக நடித்த ஒருவருக்கு ‘அறிமுகம்’ என்று போடுவதே ஒரு நக்கல். டாக்டர் என்ற சொல்லை யாரும் மறந்து விட்டிருக்கமாட்டார்கள். முடிவு எடுக்காமல் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

கதவைத் திறந்து வைக்கவேண்டிய தேவை ஏன் வந்தது? அந்தக் காட்சி வந்த நேரம் அடுத்த சீசன் உண்டா என்றே யாருக்கும் தெரியாது. டிஸ்னியோடு சேர்ந்து இரண்டு சீசன் எடுத்தார்கள், சீசனுக்கு எட்டு எபிசோட். 2025 ஒக்ரோபர் கடைசியில்தான் பி.பி.சி. சொன்னது: டிஸ்னி இனி இல்லை, தொடர் நிற்காது, 2026 கிறிஸ்மசுக்கு ரசல் டி டேவிஸ் எழுதும் ஒரு எபிசோட் வரும் என்று. நான் இதை எழுதுவது நவம்பர் மாரி மழைக்குள், அந்த அறிவித்தல் வந்த கையோடு. தொடர் எப்போது திரும்பும் என்று தெரியாத நேரத்தில் புதிதாக ஒரு இளம் நடிகரைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, ஒன்றரை வருசம் அவரைக் காத்துக்கொண்டு இரு என்று சொல்ல ஏலாது. எல்லாருக்கும் தெரிந்த, கூப்பிட்டால் இரண்டு நாளைக்கு வந்து நடித்துக் கொடுக்கக்கூடிய ஒரு முகம் வேணும். இடம் பிடித்து வைக்கிற துவாய் மாதிரி. பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் துவாயைப் போட்டு சீற் பிடிப்போமே, அதுதான் பைப்பர்.

இதே டேவிஸ் இதே வேலையை முன்னமும் செய்திருக்கிறார். 2022இல் ஜோடி விட்டக்கர் மாறியது புது முகமாக அல்ல, பழைய டெனன்டாக. மூன்று சிறப்பு எபிசோட் அவரை ஓடவிட்டு, பழைய ரசிகரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு, 2023 டிசம்பரில் கட்வாவிடம் கொடுத்தார்கள். அந்த மூன்று எபிசோட் இப்போது ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது.

மச்சான் இதை ஒத்துக்கொள்கிறான் இல்லை. அவன் சொல்வது இது ரோஸ்தான், 2005இல் டார்டிஸின் இதயத்துக்குள் பார்த்து ‘பேட் வுல்ஃப்’ ஆனவளின் மிச்சம், கடைசி எபிசோடில் கட்வா உலக யதார்த்தத்தையே ஒரு பாகை திருப்பியபோது அவள் விழித்துவிட்டாள் என்று. வேறு சிலர், 2013இல் பைப்பர் நடித்த ‘மொமன்ட்’ என்ற ஆயுதம்தான் திரும்ப வந்திருக்கு என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிறிஸ்மஸ் பின்னேரம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குடும்பமாக இருந்து பார்க்கிறவனுக்கு இருபது வருசத்துப் பழங்கதையை விளக்க எவ்வளவு நேரம் போகும்? ஒரு மணித்தியாலத்துக்குள் இதையும் சொல்லிப் புது ஆளையும் காட்ட ஏலாது. இரண்டு வசனத்தில் தொட்டுவிட்டுப் போவார்கள் என்று வேண்டுமானால் பந்தயம் பிடிக்கிறேன்.

நான் உண்மையில் எதிர்பார்க்கிறது பைப்பரை இல்லை. சூசனை. நிசமான பேத்தி, 1963இல் முதல் எபிசோடிலேயே இருந்தவள். 1964இல் டாக்டர் அவளைப் பூமியில் விட்டுவிட்டு, ஒரு நாள் திரும்பி வருவேன் என்று சொல்லிப்போனார். இன்னும் போகவில்லை. 2025இல் அதே நடிகை கரோல் ஆன் ஃபோர்ட் கட்வாவின் கண்ணுக்குள் தோன்றி, என்னைத் தேடு என்று கேட்டா. எங்களுக்கு மயிர் கூச்செறிந்தது. பிறகு அந்தக் கதையை அப்படியே விட்டுவிட்டார்கள். கதைக்கு வெளியே பார் என்று இவ்வளவு நேரம் சொன்ன எனக்கு இங்கே மட்டும் அந்தக் கணக்கைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அவவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. டாக்டருக்குக் காலத்தில் எந்தப் பக்கமும் போகலாம். நடிகைக்கு அது ஏலாது. டேவிஸ் இதை யோசிக்காமல் இருக்கமாட்டார். அந்தக் கிறிஸ்மஸ் எபிசோடில் ஐந்து நிமிசமாவது அவவைக் கொண்டுவந்து இருத்திப் பேசவைப்பார் என்று ஒரு நம்பிக்கை. இது ஊகம் இல்லை, ஆசை. பிழைத்தால் என்னிடம் கேட்கவேண்டாம்.

பைப்பர் விசயம் மட்டும் பந்தயம். மச்சானிடம் போன கிழமையே சொல்லிவிட்டேன்: எபிசோட் முடிகிற நேரம் பெட்டிக்குள் பைப்பர் நின்றால் நாலு முட்டி தயிர் என் செலவு, வேறு ஆள் நின்றால் அவன் செலவு. அம்மா இடையில் போனை வாங்கி, யார் வென்றாலும் தனக்கு ஒரு முட்டி புறம்பாக வேணும் என்று சொல்லி வைத்திருக்கிறா.