வீல்சேரோடு ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு

எனக்கு ஊர், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம். பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு 17 வருடமாகிறது. வீட்டுக்காரி, பிள்ளைகளோடு இந்தக் கரையில் வீல்சேரில் போகாத இடம் கொஞ்சம்தான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது, பக்கவாதம். 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்கிறார். முடியுமா அண்ணே? (மகள், திருச்சி)

முடியும் தங்கச்சி, ஆனால் 22-ம் ஆட வைப்பது நல்லதில்லை. கிணறுகள் கோயிலுக்குள் அங்கங்கே தள்ளித் தள்ளி இருக்கின்றன. கல்தரை எந்நேரமும் ஈரம். பிரேக் போட்டிருந்தாலும் வண்டி வழுக்கும், தள்ளுகிறவருக்கும் கால் நிற்காது. வாளித் தண்ணீர் மேலிருந்து ஒரே வீச்சாகத் தலையில் விழும். கழுத்து பலமில்லாதவருக்கு அது ஆகாது. அம்மாவுக்குப் பிடித்த மூன்று நான்கு தீர்த்தத்தில் குடத்தில் வாங்கி, தோளிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். கடைசியில் இருக்கிற கோடி தீர்த்தத்தை மறக்க வேண்டாம். ஈரத்துணியோடு சுவாமி பார்க்கப் போக முடியாது. உட்கார்ந்தபடி புடவை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொண்டு வாருங்கள்.

நான் ஆடியபோது வாளிக்காரர் என் வண்டியைப் பார்த்ததும் கிணற்று மேட்டிலிருந்து இறங்கி வந்தார். "தலையில ஊத்தவா, தோள்ல ஊத்தவா?" என்று என்னிடமே கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் என் வீட்டுக்காரியிடம்தான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்களும் அம்மாவிடமே கேளுங்கள்.

வாசலில் சக்கரத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பிறகு உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். துடைப்பதைக் கண்ணால் பார்த்தால் பேசும் விதமே மாறும். மூன்றாம் பிராகாரத்தில் அவசரம் வேண்டாம். அவ்வளவு நீளத்துக்குத் தடையில்லாமல் வண்டி உருள்கிற இடம் நம் பக்கத்தில் வேறு எனக்குத் தெரியாது.

தனுஷ்கோடி மணலில் வீல்சேர் ஓடுமா? (சேலம்)

காய்ந்த மணலில் ஓடாது. முன்சக்கரம் இரண்டும் புதைந்து ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். ஆனால் மணலில் இறங்காமலே பார்க்கலாம். 1964 புயல் ஊரை அழித்த பிறகு வெகுகாலம் மணலில் வேனில்தான் போக வேண்டியிருந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு, காரிலிருந்தே தெரியும். கட்டாயம் இறங்கத்தான் வேண்டுமென்றால் வீல்சேரைத் திருப்பி, பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் பின்னோக்கி இழுங்கள். இரண்டு பேர் வேண்டும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் தரையோடு பறக்கும். நிற்கிறவருக்கு முழங்காலில் படுவது, உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணில் படும். கண்ணாடி கொண்டுவாருங்கள். அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். உப்பு ஒரு வாரத்தில் வேலையைக் காட்டும்.

ரயிலா, காரா? (சென்னை)

ரயில். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம், இரண்டடுக்கிலும் முதல் வகுப்பு ஏசியிலும் 50 சதவீதம் சலுகை உண்டு. கூட வருகிற ஒருவருக்கும் அதே சலுகை. ரயில்வேயின் சலுகை அட்டையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் நடக்காது. மாற்றுத்திறனாளிகள் பெட்டி எந்தப் பக்கம் வரும் என்று பிளாட்பாரத்தில் விசாரித்து, முன்னதாகவே அங்கே போய் நில்லுங்கள். 2022 டிசம்பரிலிருந்து மண்டபத்தோடு நின்றிருந்த ரயில், 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மறுபடி தீவுக்குள் போகிறது. கடலுக்கு மேல் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதற்கு யாருடைய தயவும் தேவையில்லை.

லாட்ஜில் "வீல்சேர் போகும், லிஃப்ட் இருக்கு" என்கிறார்கள். நம்பலாமா?

என்னிடமும் ஓரிடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். லிஃப்ட் இருந்தது, லிஃப்டுக்கு முன்னால் நான்கு படி இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைகளோடு வேறு இடம் தேடினோம். அதனால் பாத்ரூம் கதவின் குறுக்கே டேப் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கையால் தள்ளும் வளையத்தையும் சேர்த்து உங்கள் வண்டி எத்தனை அங்குலம் என்று அளந்து வையுங்கள். பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியை நம்பாதீர்கள், கால் விரியும்.

ஒன்பது வயது மகன், மூளை முடக்குவாதம். கடல் பார்க்க ஆசை, அலை என்றால் பயம்.

எங்கள் ஆட்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல். ஆடி, ஆவணியில் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். அரியமான் கரையில் மடியில் வைத்துக் கால் நனையுங்கள். வாடைக்காற்று காலத்தில் அந்தக் கடலும் பொங்கும், அப்போது வேண்டாம்.

தம்பிக்குத் தண்டுவடப் பாதிப்பு. மே மாதம் வரலாமா? (கோவை)

வேறு மாதம் கிடைத்தால் மாற்றுங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, சூடு உடம்பிலேயே தங்கிவிடும். வரத்தான் வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்குள் வெளிவேலையை முடியுங்கள். தண்ணீர் பீய்ச்சும் பாட்டில், கழுத்துக்கு ஈரத்துண்டு கையோடு இருக்கட்டும். உணர்ச்சியில்லாத காலை வெயில் கல்லில் வைக்காதீர்கள். எனக்குக் குதிகால் வெந்தது மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, ஆற மூன்று மாதம்.

மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவதிலோ (T6) அதற்கு மேலேயோ அடிபட்டவராக இருந்தால், திடீரென்று மண்டையிடி, முகம் சிவப்பது ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், துணியைத் தளர்த்துங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, ராமேஸ்வரம் ஊரிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்.

தேவிபட்டினம்?

கடலுக்குள் இருக்கிற நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தை நடைமேடையிலிருந்தே கும்பிடலாம். கல்லைச் சுற்றத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

கந்தமாதன பர்வதத்துக்கு அப்பாவை நாங்கள் நான்கு பேர் தூக்கிவிடுவோம். அவர்தான் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார். (மதுரை)

அது அடம் இல்லை தம்பி. ராமர் பாதம் மேலே இருக்கிறது, படி ஏறித்தான் ஆக வேண்டும். நான்கு பேர் தோளில், ஊரே பார்க்க, வேட்டி விலகி, எப்போது கை நழுவுமோ என்று போவது எப்படி இருக்கும் என்பது போனவனுக்குத்தான் தெரியும். நான் போயிருக்கிறேன். மேலே போய்ச் சேர்ந்தபோது என்ன பார்த்தேன் என்றே நினைவில்லை. அப்பா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்களில் ஒருவர் அவரோடு கீழே நிழலில் இருங்கள். மற்றவர்கள் மேலே போய் வீடியோ கால் போடுங்கள். எந்தப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.