இடுப்பு மூட்டில் துளை ஆபரேஷன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

துளை ஆபரேஷன் என்றால், இரண்டு மூன்று சிறு துளை வழியாகக் கேமராவையும் கருவிகளையும் மூட்டுக்குள் நுழைத்துச் செய்யும் ஆபரேஷன் (ஆர்த்ரோஸ்கோபி). பதில்களுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் 'இடுப்பு வலி' என்று சொல்லும் பலர் கையை வைப்பது கீழ் முதுகில். அங்கே வலித்தால் முதலில் பார்க்க வேண்டியது முதுகெலும்பை. இடுப்பு மூட்டு இருப்பது முன்பக்கம், கவட்டை மடிப்புக்கு உள்ளே ஆழத்தில். அந்த மூட்டில் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள். கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் என்று இடுப்பின் பக்கவாட்டைக் கையால் கவ்விப் பிடித்து, "இங்கே, உள்ளே" என்பார்கள். நீங்களும் ஒருமுறை காட்டிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எட்டு மாதமாகக் கவட்டையில் வலி. காரில் ஏறி இறங்கினால், தரையில் குந்தினால் அதிகமாகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 'லேப்ரம் கிழிசல்' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா டாக்டர்?
(வாசகி, வயது 34, கோவை)

கிழிசல் என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்கார்ந்திருக்கும் இடம் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, குக்கர் மூடியின் கேஸ்கட் மாதிரி ஓடும் வளையம்தான் லேப்ரம். சிலருக்குப் பந்தின் கழுத்தில் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும், அல்லது கிண்ணத்தின் விளிம்பு நீண்டிருக்கும். குந்தும்போது இரண்டும் இடித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் லேப்ரம் நசுங்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற மருத்துவரின் குழு 2003இல் இந்த இடிப்பை விரிவாக விளக்கியது. இளம் வயதினருக்கு வரும் கவட்டை வலியை நாங்கள் பார்க்கும் விதமே அதன் பிறகு மாறிவிட்டது.

ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வலியே இல்லாத 45 பேரை ஸ்கேன் செய்து 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 69 சதவீதம் பேருக்கு லேப்ரம் கிழிந்திருந்தது. அவர்கள் யாருக்கும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. அதனால் ஸ்கேன் தாளை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வலி உண்மையிலேயே மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் உதவியோடு மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அடுத்த சில மணி நேரத்தில் உங்களுக்கு வழக்கமாக வலிக்கும் வேலைகளைச் செய்து பாருங்கள்: காரில் ஏறுங்கள், படி ஏறுங்கள். வலி நன்றாகக் குறைந்தால் மூட்டுதான் காரணம் என்பதற்கு அது பலமான சாட்சி. கொஞ்சமும் குறையவில்லை என்றால், மூட்டைத் திறப்பதற்கு முன் இன்னும் தேட வேண்டியிருக்கிறது.

பிசியோதெரபி பதினைந்து நாள் போய்ப் பார்த்தேன். கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். பலன் இல்லை. இனி ஆபரேஷன்தானே?
(வாசகர், வயது 29, திருச்சி)

இல்லை. உங்கள் சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை. கரண்ட்டும் ஒத்தடமும் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். இந்த வலிக்குத் தேவை உங்கள் மூட்டைப் பரிசோதித்து உங்களுக்கென்று அமைத்த பயிற்சி: புட்டத் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் படிப்படியாக வலுப்படுத்துவது, மூட்டை இடிக்கவைக்கும் அசைவுகளைக் கொஞ்ச காலம் குறைப்பது. இதற்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுக்க வேண்டும்.

இதை வெறும் அறிவுரையாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 348 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் துளை ஆபரேஷனும் மற்றதற்கு முறையான பயிற்சியும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2018இல் வெளியானது. மூட்டின் நிலையை 100க்கு மதிப்பெண்ணாகப் போட்டதில், ஒரு வருடத்தில் ஆபரேஷன் பிரிவின் சராசரி 39லிருந்து 59க்கு வந்தது, பயிற்சிப் பிரிவு 36லிருந்து 50க்கு வந்தது. ஆபரேஷனுக்குக் கூடுதல் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கத்தி இல்லாமலேயே பலர் தேறியிருக்கிறார்கள். அப்புறம், ஆபரேஷன் செய்தவர்களும் சராசரியாக 59இல்தான் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். "வலி குறையும்" என்று உங்கள் மருத்துவர் சொன்னால் நம்பலாம். "பழையபடி புதுசாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் தூக்கமும் வேலையும் கெடுகிறது, மூட்டுதான் காரணம் என்று உறுதியாகிவிட்டது, குருத்தெலும்பும் நன்றாக இருக்கிறது என்றால், தயங்காமல் ஆபரேஷன் பற்றிப் பேசுங்கள். அந்த நிலையில் வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு மூட்டுத் தேய்மானம். துளை போட்டு உள்ளே 'கிளீன்' செய்தால் மூட்டு மாற்று ஆபரேஷனைத் தவிர்த்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், வயது 58, மதுரை)

உங்கள் எக்ஸ்ரே அறிக்கையில் இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டதாக எழுதியிருக்கிறது. அப்படியானால் வேண்டாம் என்பதே என் கருத்து. எலும்புப் புடைப்பைச் செதுக்கலாம், கிழிந்ததைத் தைக்கலாம். தேய்ந்த குருத்தெலும்பைக் கேமராவால் திரும்ப வளர்க்க முடியாது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாதவர்களுக்குத் துளை ஆபரேஷன் செய்தால், அதில் பலர் சீக்கிரமே மூட்டு மாற்றுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 ஜனவரியில் மெல்போர்னில் இடுப்பு மூட்டில் ஆபரேஷன் செய்துகொண்டார். வலி போகவில்லை. சுமார் ஒரு வருடம் கழித்து லண்டனில் மூட்டுப் பரப்பையே உலோகத்தால் மாற்றிக்கொண்டார். அதே 2019 அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியை வென்றார். மூட்டு மாற்று என்றாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைத்து பயப்படுகிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எடையைக் குறைத்து, பயிற்சி செய்து, தேவைப்பட்டால் வலி மாத்திரையோடு எத்தனை காலம் நன்றாக ஓடுகிறதோ ஓட்டுங்கள். ஓடாதபோது நேராக மூட்டு மாற்றுக்குப் போங்கள். நடுவில் இன்னொரு ஆபரேஷனுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இடுப்பின் வெளிப்பக்கம் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.
(வாசகி, வயது 52, சேலம்)

நீங்கள் சொல்வது பெரும்பாலும் வெளிப்பக்க எலும்பு முனையில் ஒட்டும் புட்டத் தசைநாரின் தொல்லை. மூட்டுக்குள் இருப்பதில்லை. இந்த வயதுப் பெண்களுக்கு அதிகம் வருவது. பயிற்சியிலேயே நன்றாகத் தேறும். கால் மேல் கால் போட்டு உட்காருவதை நிறுத்துங்கள், படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள்.

நான் பரதநாட்டியம் ஆடுபவள். கவட்டை வலி. 'கிண்ணத்தின் ஆழம் குறைவு, ஆனால் லேப்ரம் கிழிந்திருப்பதால் துளை போட்டுத் தைத்துவிடலாம்' என்றார்கள்.
(வாசகி, வயது 26, சென்னை)

அம்மா, இங்கே நின்று நிதானியுங்கள். இன்று பதில் சொல்பவற்றில் எனக்கு அதிகக் கவலை தரும் கடிதம் உங்களுடையதுதான். கிண்ணம் ஆழமில்லாதபோது பந்தைப் பிடித்து நிறுத்துவதில் லேப்ரத்துக்கும் மூட்டைச் சுற்றிய உறைக்கும் பெரிய பங்கு உண்டு. அதிகப் பாரம் விழுவதால்தான் லேப்ரம் கிழிகிறது. காரணத்தை விட்டுவிட்டுக் கிழிசலை மட்டும் தைத்தால் அது நிலைப்பது கடினம். உறையைத் திறந்து சரியாக மூடாமல் விட்டால் மூட்டு இன்னும் தளரவும் கூடும்.

இடுப்பெலும்பு முழுதும் தெரியும் எக்ஸ்ரேயில் பந்தைக் கிண்ணம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று ஒரு கோணம் அளப்பார்கள். அது 20 டிகிரிக்குக் கீழே இருந்தால், கிண்ணத்தையே வெட்டித் திருப்பிப் பொருத்தும் ஆபரேஷன் பொருத்தமா என்று அதைத் தொடர்ந்து செய்யும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அது பெரிய ஆபரேஷன், எல்லா ஊரிலும் செய்வதில்லை. இருந்தாலும் அந்தக் கருத்தைக் கேட்காமல் துளை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோல் நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை பல மாதம் சாப்பிட்டேன். இப்போது இடது கவட்டையில் வலி. எக்ஸ்ரே நார்மல்.
(வாசகர், வயது 31, தஞ்சாவூர்)

இரண்டு பக்கமும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுங்கள், இந்த வாரமே. ஸ்டீராய்டும் குடியும் பந்தின் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து எலும்பைச் சாகடிக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் வர வாய்ப்பு அதிகம். பந்து உள்வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்தால், எலும்புக்குள் துளையிட்டு அழுத்தம் குறைக்கும் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். லேப்ரம் தைக்கும் ஆபரேஷன் இதற்கு மருந்தில்லை. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்தால் எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம்? எங்கள் வீடு மாடியில். இந்தியன் டாய்லெட்தான்.
(வாசகர், வயது 37, நாகர்கோவில்)

இரண்டு மூன்று சிறு துளைதான், அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் சின்ன விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே செய்யும் வேலை சின்னதில்லை. ஊன்றுகோல் இரண்டு முதல் ஆறு வாரம், குருத்தெலும்பிலும் வேலை செய்திருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சில வாரத்தில் திரும்பலாம். ஓட்டம், கிரிக்கெட் எல்லாம் நான்கு முதல் ஆறு மாதம். ஆழமாகக் குந்துவது முதல் சில மாதங்களுக்குக் கூடாது, எனவே மேலே வைக்கும் கமோடு ஸ்டூலை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஊன்றுகோலோடு படி ஏறுவதையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

கேமரா நுழைய இடம் வேண்டுமென்று காலை இழுத்துப் பிடித்துப் பந்தைக் கொஞ்சம் விலக்குவார்கள். அந்த இழுவையால் தொடையிலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ மரத்துப்போகலாம். பெரும்பாலும் நாள்பட சரியாகிவிடும். முன்கூட்டியே தெரியாமல் கண்விழித்துப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன்.

வரும் வியாழக்கிழமை ஆபரேஷன். பணமும் கட்டியாகிவிட்டது. மனசு ஒப்பவில்லை. தள்ளிப்போட்டால் மூட்டு கெட்டுவிடுமா?
(வாசகி, வயது 41, திருநெல்வேலி)

மூன்று மாதம் தள்ளிப்போடுவதால் பெரும்பாலும் எந்தக் கேடும் வராது. இது அவசர ஆபரேஷன் வகையில்லை. காய்ச்சலோடு வலி, திடீரென்று காலை ஊன்றவே முடியாத நிலை, எடை குறைவது, இரவில் விடாமல் குடைவது இவையெல்லாம் இருந்தால்தான் அவசரம். அதற்கும் துளை ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை, உடனே காட்டுங்கள். மற்றபடி நாளைக் காலையிலேயே உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: என் குருத்தெலும்பு எப்படி இருக்கிறது? வலி மூட்டிலிருந்துதான் வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? முழங்கால், தோள் தவிர, இடுப்பு மூட்டில் மட்டும் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? பொறுமையாகப் பதில் சொன்னால் வியாழக்கிழமை போங்கள். இல்லையென்றால், கட்டிய பணத்தை நினைத்து மட்டும் போகாதீர்கள்.