கொட்டை எழுத்தில் வந்த கோளாறுகள்

கேள்வி: தன்னைத் தோற்றவர் என்று போட்ட பேப்பரைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன். அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். பெரிய பத்திரிகை எப்படி இப்படிச் சறுக்கியது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பழியில் பாதியாவது அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டும். அது 1948 நவம்பர் 3 தேதியிட்ட சிகாகோ ட்ரிப்யூன். அச்சுக் கோக்கும் தொழிலாளர்கள் அப்போது பல மாதங்களாக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஈய எழுத்தை வரிவரியாக வார்த்துத் தரும் லைனோடைப் இயந்திரம் சும்மா கிடக்க, செய்தியை டைப்ரைட்டரில் அடித்து, பக்கமாக ஒட்டி, போட்டோ பிடித்து, அதிலிருந்து தகடு எடுத்து ஓட்டினார்கள். இந்தச் சுற்றுவழியால் முதல் பதிப்பை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னாலேயே முடித்தாக வேண்டும். ஓட்டு எண்ணிக்கை முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங் ட்ரூமனை எதிர்த்து நின்ற டூயிதான் ஜெயிப்பார் என்றார். கருத்துக்கணிப்புகளும் அதையே சொல்லியிருந்தன. ‘டூயி டிஃபீட்ஸ் ட்ரூமன்’ (ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி) என்று பக்கத்தின் முழு அகலத்துக்கும் போட்டுவிட்டார்கள். தலைப்பை மாற்றுவதற்குள் சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் அச்சாகிவிட்டன.

முடிவு வந்தபோது, ஜனாதிபதி யார் என்று தீர்மானிக்கும், மாநிலவாரியான தேர்வாளர் ஓட்டில் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189. சில பிரதிகளில் ஐந்து வரி தலைகீழாகவும் அச்சாகியிருந்ததாம். அன்றைய ராத்திரிக்கு அது பொருத்தம்தான். மறுநாள், நவம்பர் 4 அன்று, செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் பெட்டியின் பின்புறம் நின்றபடி ட்ரூமன் அந்தப் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். தேர்தல் நடந்து 25 ஆண்டு ஆவதையொட்டி அதே தலைப்பைப் பட்டயமாகச் செய்து அவருக்கே பரிசளிக்க ட்ரிப்யூன் எண்ணியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1972 டிசம்பர் 26-ல், அவர் காலமாகிவிட்டார்.

கேள்வி: ‘ஸ்டிக்ஸ் நிக்ஸ் ஹிக் பிக்ஸ்’ என்று ஒரு தலைப்பு பிரபலமாமே. இது இங்கிலீஷா, மந்திரமா? (ஈரோடு வாசகி)

பதில்: சினிமாக்காரர்களின் பத்திரிகையான வெரைட்டி 1935 ஜூலை 17-ல் போட்டது. ஸ்டிக்ஸ் என்றால் பட்டிக்காடு, நிக்ஸ் என்றால் வேண்டாம் என்று தள்ளுவது, ஹிக் என்றால் பட்டிக்காட்டான், பிக்ஸ் என்றால் படங்கள். கிராமத்தைப் பற்றி எடுத்த படத்தைக் கிராமத்தானே பார்க்கவில்லை என்பதுதான் செய்தி. மொத்தம் 16 எழுத்து!

அந்தச் சிக்கனம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. அக்காலத்தில் அச்சடித்த ஈய எழுத்தை இழுத்து நீட்டவும் முடியாது, அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அதனால் தலைப்பு எழுதும் உதவி ஆசிரியர் முதலில் எண்ணிப் பார்ப்பார். சாதாரணச் சின்ன எழுத்துக்கு ஒன்று, ஒல்லியான ‘ஐ’, ‘எல்’ போன்றவற்றுக்கு அரை, குண்டான ‘எம்’, ‘டபிள்யூ’வுக்கு ஒன்றரை, பெரிய எழுத்துகள் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை. பக்கத்தின் ஒரு பத்தி அகலத்துக்குள் எத்தனை கொள்ளும் என்பது எழுத்தின் பாயிண்டை, அதாவது அளவைப் பொறுத்தது. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். கூட்டுத்தொகை அரை எண் தாண்டினாலும் வார்த்தையை மாற்றியாக வேண்டும். நம் பேப்பர்களில் ‘உயிரிழந்தார்’ என்பது ‘பலி’ ஆனதும், வினைச்சொல்லே இல்லாமல் ‘கைது’, ‘மனு’ என்று நிற்பதும் இதே கணக்குதான். ‘ண’வும் ‘ணை’யும் தின்னும் இடத்துக்குத் தமிழ் உதவி ஆசிரியர் பட்ட பாடு தனிக்கதை.

கேள்வி: ஒரு தலைப்பு தேர்தலையே தோற்கடிக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: தோற்றவர் அப்படித்தான் நம்பினார். 1975-ல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலை. மத்திய அரசு கைகொடுக்க வகைசெய்யும் எந்த மசோதாவையும் ரத்து செய்வேன் என்று அக்டோபர் 29-ல் ஜனாதிபதி ஃபோர்டு பேசினார். மறுநாள் டெய்லி நியூஸ் போட்ட தலைப்பு, ‘நகரத்துக்கு ஃபோர்டு சொல்வது: செத்துத் தொலை’. அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. போதாக்குறைக்கு, டிசம்பரில் அவரே ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை கடன் தரும் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார். யாருக்கும் அது ஞாபகமில்லை. 1976 ஜனாதிபதி தேர்தலில் தேர்வாளர் ஓட்டு, எதிர்த்து நின்ற கார்ட்டருக்கு 297, ஃபோர்டுக்கு 240. நியூயார்க் மாநிலத்தின் 41 ஓட்டு இந்தப் பக்கம் வந்திருந்தால் ஃபோர்டுக்கு 281, கார்ட்டருக்கு 256. தலைப்பு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கு ஃபோர்டைக் கடைசிவரை உறுத்தியது.

கேள்வி: ‘சிலியில் சிறு நிலநடுக்கம், அதிகம் பேர் சாகவில்லை’. உலகத்திலேயே சப்பென்ற தலைப்பு இதுதான் என்கிறார்களே? (புதுச்சேரி வாசகர்)

பதில்: சப்பென்ற தலைப்பு யார் போடுவது என்று லண்டன் டைம்ஸ் உதவி ஆசிரியர்களுக்குள் ஒரு போட்டி, அதில் ஜெயித்தது இது என்று அங்கே வேலை பார்த்த பத்திரிகையாளர் கிளாட் காக்பர்ன் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். தேடியவர்கள் டைம்ஸின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டார்கள். அப்படி ஒரு தலைப்பு கிடைக்கவில்லை. இனி யாராவது ‘பழைய தலைப்பு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேப்பர் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

கேள்வி: ஒரே தலைப்பில் இரண்டு அர்த்தம் வருவது எதனால்? (சேலம் வாசகி)

பதில்: இடத்துக்காக ஒரு சொல்லை வெட்டுவதால். ‘குடிபோதையில் வாலிபரை விரட்டிய யானை’ என்று போட்டுப் பாருங்கள். ‘இருந்த’ என்ற ஒரு சொல் குறைந்ததும் போதை யானைக்கு ஏறிவிடுகிறது. இங்கிலீஷில் இந்த வகைக்குப் பெயரே உண்டு: ‘கிராஷ் பிளாசம்’, அதாவது விபத்துப் பூ. விமான விபத்தில் தந்தையை இழந்த ஒரு வயலின் கலைஞர் இசையில் மலர்ந்ததை 2009-ல் ஒரு ஜப்பானியச் செய்தித்தளம் தலைப்பாக்கியபோது, ‘கிராஷ்’ (விபத்து) என்பதும் ‘பிளாசம்ஸ்’ (மலர்கிறார்) என்பதும் அடுத்தடுத்து விழுந்து ஒரு புதுப் பூவே பூத்துவிட்டது.

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த பழைய பேப்பர்கள் பரணில் இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முதலில் பரணிலிருந்து இறக்குங்கள், கூரைச் சூடும் ஈரமும் அங்கேதான் அதிகம். செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், காகிதம் அமிலமாகி நொறுங்கும். மடிப்பை மெதுவாகப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும். தொடும்போதே உதிர்கிறது என்றால் பிரிக்க முயலாமல் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். பிரிக்க முடிந்ததை முதலில் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அமிலமற்ற காகித உறைக்குள், அமிலமற்ற அட்டைப்பெட்டியில், இருட்டான உலர்ந்த அலமாரியில் வையுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோவோடு சேர்த்து அடுக்கினால் பேப்பரின் பழுப்பு அவற்றிலும் இறங்கும். செலோடேப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு எதுவும் வேண்டாம். லேமினேஷன் அறவே கூடாது, பிறகு பிரிக்கவே முடியாது. ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள்.

விற்கவோ வாங்கவோ நினைத்தால் ஓர் எச்சரிக்கை. லிங்கன் சுடப்பட்ட செய்தியோடு 1865 ஏப்ரல் 15-ல் வந்த நியூயார்க் ஹெரால்டுக்குப் பிற்கால மறுபதிப்புகள் ஏராளம். அக்காலத்துப் பேப்பர் பெரும்பாலும் கந்தைத் துணிக் கூழில் செய்தது, எளிதில் நொறுங்காது. 1865 என்று தேதி போட்ட தாள் பழுப்பேறி ஓரம் உதிர்ந்தால், அந்தப் பழமை சந்தேகத்துக்குரியது.