ஐந்து தரத்துக்கு இரண்டு ஆசிரியர்

கேள்வி: எங்கள் தோட்டப் பாடசாலையில் ஐந்து தரங்களுக்கும் இரண்டே ஆசிரியர்கள். மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது. யாரிடம் கேட்பது? – ஒரு தாய், அட்டன்

பதில்: தங்கச்சி, நானும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, அப்படியொரு ஒற்றை மண்டபத்தில் படித்தவன்தான். மூன்றாம் தரத்துக்கு வாய்ப்பாடு நடக்கும்போது முதலாம் தரத்துப் பிள்ளை சும்மா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எழுத்துக்கூட்டப் பழகவேண்டிய வருடம் அப்படியே போய்விடும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வரும்போதுதான் அந்தப் பள்ளம் தெரியும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தோட்டப் பாடசாலைகளை இலங்கை அரசு பொறுப்பேற்று நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆகவே தோட்டத் துரையிடம் போகவேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் போட்டு, வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அப்புறம், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நம் ஆட்கள் இதைப் பயன்படுத்துவதே குறைவு. “எங்கள் பாடசாலைக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், கூரை திருத்தப் பணம் ஒதுக்கப்பட்டதா?” என்று அந்தப் பணிமனையிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தருவார்களா மாட்டார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.